ஈரம் புகாத நலங்கு மாவு

எண்ணெய் தேய்த்து முழுகும் நாட்களில் பயற்றம் மாவு தேய்த்துக் குளிப்பது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். கடைச் சோப்பு வீடுதோறும் வந்த பின்னர் அவ்வழக்கம் குன்றியது. இப்போது அதன்மீது மக்களுக்கு மீண்டும் நாட்டம் பிறந்துள்ளது. இதற்கு அச்சமும் ஒரு காரணமாகும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்களைப் பூசி வந்த சிலர் சிறுநீரக நோய்க்கு ஆளான செய்தி 2023-இல் வெளிவந்தது. அத்தகைய பொருள்களைவிட, நாமறிந்த பயறும் பூவும் மேலானவை என்பதில் ஐயமில்லை.

ஆயினும், வீட்டில் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. வீட்டுச் சரக்குக்கும் ஒரு பகை உண்டு. அதுவே ஈரம்.

ஈரம் ஏன் ஆகாது?

நீர் உள்ள இடத்தில் பூஞ்சணமும் நோய்க்கிருமிகளும் பெருகும். தொழிற்சாலைகளில் இதனைத் தடுக்கும் மருந்துகளை அளந்து சேர்க்கின்றனர். பின்னர்ச் சோதித்தும் பார்க்கின்றனர். நம் அடுக்களையில் அதற்கு வசதியில்லை. ஆகவே வீட்டில் செய்து சேமிக்கத்தக்கவை இரண்டே வகை: ஒன்று, நன்கு உலர்ந்த பொடி, மற்றொன்று, நீர் கலவாத எண்ணெய்க் களிம்பு. கற்றாழைச் சோறு, தயிர், வெள்ளரிச்சாறு முதலியவற்றை அவ்வப்போது எடுத்து அப்போதே பயன்படுத்திவிட வேண்டும். மிஞ்சியதைப் புட்டியில் அடைத்து வைத்தலாகாது.

வேண்டிய பொருள்கள்

பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 100 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ 50 கிராம், உலர்ந்த ரோஜா இதழ் 50 கிராம், கோரைக்கிழங்கு 25 கிராம், வெட்டிவேர் 25 கிராம்.

இவற்றுள் உடலின் எண்ணெய்ப் பசையை எடுப்பது பயறே. ஏனையவை பெரும்பாலும் மணத்திற்காகச் சேர்க்கப்படுபவை. ஆகையால் ஒன்றிரண்டு கிடைக்காவிடினும் குறையில்லை. கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது மட்டும் விழிப்பு வேண்டும். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உட்புறம் வெளிறிய நிறமாயிருக்கும். கற்பூரம் போன்ற மணம் வீசும். ஆழ்ந்த மஞ்சள் நிறமுடைய வேறு கிழங்குகளும் அப்பெயரில் விற்கப்படுகின்றன. எந்த மஞ்சளாயினும் பொடியாக வாங்காது கிழங்காகவே வாங்குக. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறம் கண்டு மயங்க வேண்டா. சில இடங்களில் ஈயம் கலந்த சாயத்தை மஞ்சளில் ஏற்றுவது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது.

உலர்த்தலும் அரைத்தலும்

பயறு, பருப்பு, கிழங்குகள் ஆகியவற்றைக் கல், மண் நீக்கி மூன்று நாள் நல்ல வெயிலில் காய வைக்கவும். பூக்களை நிழலில் உலர்த்தினால் நிறமும் மணமும் கெடா. வெட்டிவேரை மண் போக அலசி, உலர்த்தி, சிறு துண்டுகளாக நறுக்கவும். பயறு பல்லிடைப்பட்டதும் ‘கடுக்’கென உடைய வேண்டும், இதழ் விரல்களுக்கிடையே நொறுங்க வேண்டும், கிழங்கு வளையாமல் ஒடிய வேண்டும். இம்மூன்றும் நிறைவேறும் வரை மில்லுக்கு எடுத்துச் செல்லற்க. மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்காதிருத்தல் நலம்.

மில்லில் மற்றொரு எச்சரிக்கை. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் இதனை அரைத்தால் உடல் முழுதும் எரியும். சீயக்காய் அரைப்பதற்கெனத் தனி இயந்திரம் இருந்தால் அதிலேயே அரைக்கச் சொல்லுக.

அரைத்த மாவு சூடாக இருக்கும். அதனை அப்படியே அடைத்தால், மூடியின் உட்புறம் நீர் முத்துக்கள் படிந்து மாவைக் கெடுக்கும். நம் உழைப்பு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். ஆதலால் சுத்தமான துணியில் பரப்பி முற்றிலும் ஆறவிடுக. பிறகு மெல்லிய துணியில் சலித்தெடுக்க வேண்டும்; சித்த மருத்துவர் இதனை வஸ்திரகாயம் செய்தல் என்பர். கப்பி தங்கினால் தோலைக் கீறும். உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் அடைத்து, உலர்ந்த கரண்டியாலேயே எடுக்க வேண்டும். குளியலறையில் வைக்கலாகாது. மூன்று மாதத் தேவைக்கு மேல் செய்ய வேண்டா. கட்டி தட்டினாலும், பூஞ்சண வாடை வீசினாலும் எறிந்துவிடுக.

குதிகால் களிம்பு

சேற்றிலும் வரப்பிலும் உழைக்கும் பெண்களைப் பித்தவெடிப்பு வருத்துகிறது. அதற்கு எளிய களிம்பு ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய் 100 கிராம், சுத்தமான தேன்மெழுகு 25 கிராம் ஆகியவற்றை ஒரு கிண்ணத்திலிட்டு, அக்கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தில் வைக்கவும். தேன்மெழுகு சுமார் 62 முதல் 64 பாகை வெப்பத்தில் உருகும். ஆகவே நேர் தீ தேவையில்லை. உருகியதும் கலக்கி, உலர்ந்த டப்பாவில் ஊற்றி, ஆறிய பின் மூடுக. இரவில் காலைக் கழுவி, விரலிடுக்குகளையும் ஈரம் போகத் துடைத்து, குதிகாலில் தடவுக. வெடிப்பு ஆழமாகிச் சீழோ இரத்தமோ கசிந்தாலும், நீரிழிவு உடையவராயினும், களிம்பை நம்பியிராது ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

எப்பொருளையும் முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கவும். அரிப்போ தடிப்போ கண்டால் விலக்குக. கைக்குழந்தைகளுக்கு மாவு தேய்க்க வேண்டா. அதன் துகள் மூச்சில் ஏறும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் பூசி வெயிலில் செல்லுதலும் ஆகாது; தோல் கொப்புளித்துக் கறுக்கக்கூடும். இம்மாவு தோலைத் தூய்மை செய்யுமேயன்றி நிறத்தை மாற்றாது. கறுப்பு ஒரு குறையுமன்று.

விற்பனைக்குச் செய்வோர்

மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனைத் தொழிலாகச் செய்ய விரும்பலாம். அழகுப் பொருள்களை விற்பனைக்காகத் தயாரிக்க, 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின்படியும் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படியும் உரிமம் பெறுதல் வேண்டும். இது வீண் தடையன்று. வாங்குவோருக்கும் விற்போருக்கும் காப்பாகும். உரிமம் கிட்டும் வரை தம் இல்லத்தின் தேவைக்குச் செய்து பழகலாம். ஒரு மழைக்காலம் முழுதும் கெடாத மாவைச் செய்யக் கற்ற குழுவே, சந்தைக்குச் செல்லும் தகுதி பெற்ற குழுவாகும்.