வெள்ளத்தில் மூழ்கிய இன்ஜினைக் காப்பாற்றுவது எப்படி?

மேட்டூர் அணை 120 அடியை எட்டி உபரி நீர் திறக்கப்படும்போதெல்லாம் நம் காவிரிக் கரையில் கவலை தொற்றிக்கொள்கிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் ஏறக்குறைய 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் வந்ததை நாம் கண்டோம். சரக்கை மேட்டுக்கு ஏற்றிவிடலாம். வாழைத்தாரும் வெற்றிலைக் கட்டும் சுமக்கும் பழைய டிவிஎஸ் மொபட்டும், தோட்டத்து டீசல் இன்ஜினும், கடை ஜெனரேட்டரும்தான் பல நேரங்களில் தண்ணீரில் நின்றுவிடுகின்றன. அவற்றை மீட்கும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒன்றை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மூழ்கிய இன்ஜினைத் தண்ணீரைவிட அதிகமாகக் கெடுப்பவை இரண்டு: உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கும் அவசரம், "வெயிலில் காயட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற தாமதம்.

அவசரம் ஏன் ஆகாது?

காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் வேகமாக மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். ஆற்று வண்டல் உள்ளே இருந்தால் சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

தாமதம் ஏன் ஆகாது?

தண்ணீருக்குள் இருக்கும்வரை இரும்பு மெதுவாகவே துருப்பிடிக்கும். வெளியே எடுத்ததும் ஈரமும் காற்றும் சேர்ந்து, ஒரே நாளில் பேரிங்கில் துரு காணத் தொடங்கிவிடும். கடற்கரையில் உப்பும் சேர்வதால் இது இன்னும் வேகம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மூழ்கிய படகு இன்ஜின்கள் பலவற்றுக்கும் இதே ஆபத்துதான். கடலில் விழுந்த இன்ஜினை உடனே பிரிக்க முடியாவிட்டால், பிரிக்கும்வரை நல்ல தண்ணீரிலேயே அமிழ்த்தி வைப்பது படகு மெக்கானிக்குகளின் வழக்கம். நம்முடையது ஆற்று நீர், உப்பு இல்லை. ஆனாலும் மீட்ட அன்றே வேலையைத் தொடங்குவது நல்லது.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபட்டுக்குச் செய்ய வேண்டியவை

இந்த வண்டியில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கு மசகு. அந்தக் கலவை போகும் வழியிலேயே தண்ணீரும் போய் கிராங்க் கேஸின் அடியில் தங்கிவிடும். எனவே மேலே துடைத்தால் மட்டும் போதாது.

1. வண்டியை நல்ல தண்ணீரால் கழுவி, வெளிச் சேற்றைப் போக்குங்கள்.

2. டேங்க்கில் உள்ள பெட்ரோலை முழுவதும் இறக்குங்கள். தண்ணீர் கனமானது, பெட்ரோலுக்கு அடியில் நிற்கும். மேலாகத் தெளிந்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெட்ரோல் குழாயையும் கார்புரேட்டரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

3. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் வயர் பொறி விடாதபடி இன்ஜின் உடம்போடு சேர்த்து வையுங்கள். பீடி, அடுப்பு அருகில் ஆகாது.

4. சைலன்சரையும் கழற்றி, பிளக் ஓட்டை கீழே வரும்படி வண்டியைச் சாய்த்து, பெடலையோ கிக்கரையோ கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தாலோ, சேறு வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். பிரித்துத்தான் கழுவ வேண்டும்.

5. கார்புரேட்டர் இருந்த வாய் வழியாகவும் பிளக் ஓட்டை வழியாகவும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி, சுற்றி, வடியுங்கள். வடிவது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று பொருள். வெளுப்பு நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள்.

6. கியர் ஆயிலையும் பாருங்கள். வெளுத்திருந்தால் மாற்றுங்கள், சிறிது ஓட்டிய பின் மீண்டும் ஒருமுறை மாற்றுங்கள்.

7. மேக்னட் மூடியைத் திறந்து, ஈரத்தைத் துடைத்து, காற்றடித்து உலர்த்துங்கள். பாயிண்ட் உள்ள பழைய வண்டியானால் அதையும் சுத்தம் செய்யுங்கள். ஏர் பில்டரைக் கழுவிக் காய வையுங்கள்.

8. புதிய பிளக், புதிய பெட்ரோல், வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான ஆயில் சேர்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். கால் மணி நேரம் ஓடவிட்டால் சூட்டில் மிச்ச ஈரமும் ஆவியாகும். மறுநாளும் ஓட்டுங்கள்.

2015 முதல் வந்த நான்கு ஸ்ட்ரோக் மொபட்டுக்கு முறை வேறு. அதில் இன்ஜின் ஆயிலை முதலில் மாற்றாமல் எதையும் சுற்றக் கூடாது.

டீசல் இன்ஜினும் ஜெனரேட்டரும்

டீசல் இன்ஜின் சம்ப்பில் ஆயிலுக்கு அடியில்தான் தண்ணீர் நிற்கும். அடி நட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். பிறகு ஆயில் வரும். முழுவதையும் இறக்கிவிடுங்கள். நாசிலைக் கழற்றிவிட்டு, கைப்பிடியால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். டீசல் டேங்க்கையும் பில்டரையும் விட்டுவிட வேண்டாம். ஜெனரேட்டர் காயில், மின் மோட்டார் ஆகியவற்றை நன்றாக உலர்த்தி, எலக்ட்ரீஷியன் இன்சுலேஷன் பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். ஈரக் காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இயந்திரத்தோடு உயிருக்கும் ஆபத்து.

அன்றே மெக்கானிக் கிடைக்காவிட்டால்?

வெள்ள நேரத்தில் எல்லா ஒர்க் ஷாப்பிலும் கூட்டம் இருக்கும். தண்ணீரை வடித்தபின் சிலிண்டரிலும் கிராங்க் கேஸிலும் ஆயிலைத் தாராளமாக ஊற்றி, பிளக்கை மாட்டி வையுங்கள். ஆயில் படிந்த இரும்பைத் துரு எளிதில் தொடாது. பிரித்துப் பார்க்கும்வரை சில நாள் அவகாசம் கிடைக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் அந்த ஆயிலை மறக்காமல் வடித்துவிடுங்கள்.

எப்போது பிரித்தே ஆக வேண்டும்?

ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கி நின்ற இன்ஜினை எந்தக் காரணத்துக்காகவும் சுற்றிப் பார்க்க வேண்டாம். ராடு வளைந்திருக்கலாம். பல நாள் மூழ்கிக் கிடந்ததும் இப்படியே. செலவுக் கணக்கை முதலிலேயே கேளுங்கள். வண்டியின் மதிப்பை மிஞ்சினால் விட்டுவிடுவதும் வியாபாரக் கணக்குதான்.

காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழுக் காப்பீடு இருப்பவர்கள் பிரிப்பதற்கு முன்பே போட்டோ எடுத்து நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். மூழ்கியபின் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கருதினால் நிறுவனம் தொகையை மறுக்க இடமுண்டு. கடைச் சரக்குக் காப்பீட்டிலும் வெள்ளம் சேர்க்கப்பட்டுள்ளதா என்று இப்போதே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடச் சிக்கனமானது முன்னெச்சரிக்கை. மேட்டூர் நீர்த்திறப்பு அறிவிப்பு வந்ததும், சரக்கோடு சேர்த்து வண்டியையும் ஜெனரேட்டரையும் மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். கடை ஊழியர்களுக்கும் இரண்டே வார்த்தை சொல்லி வையுங்கள்: நனைந்த இன்ஜினை உதைக்காதே; நனைந்த இன்ஜினைக் காத்திருக்க விடாதே.