விலையில்லாக் கருவிகளும் வகுப்பறைக் கல்வியும்

கல்வி என்பது ஆசிரியரும் மாணாக்கரும் கூடி நடத்தும் ஒரு தொழில். அத்தொழிற்குத் துணையாகிய கருவிகள் காலந்தோறும் வேறுபட்டு வந்திருக்கின்றன. ஓலையும் எழுத்தாணியும் இருந்த இடத்தே அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் வந்தன. இக்காலத்தே அவற்றின் அருகில் கணினியும் கைப்பேசியும் இணையமும் வந்து நிற்கின்றன. இணையத்தின் வாயிலாக ஒரு காசும் கொடாமற் பெறத்தக்க கல்விக் கருவிகளோ பலப்பல. கிடைப்பன எல்லாம் கொள்ளத்தக்கனவாமோ? கொள்ளத்தக்கவற்றை வகுப்பறையில் எவ்வாறு ஆளுதல் வேண்டும்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

கருவி என்பது உழைப்பைக் குறைப்பது என்று பொதுவாகக் கூறுவர். ஏற்றம் இறைப்பார்க்கு வேண்டுவது நீரே. மேனி வருந்தாமலே நீர் வருமாயின் அஃது அவர்க்கு ஊதியமே. கல்வியின் இயல்பு அத்தகையதன்று. நினைந்து பார்த்தல், ஊகித்தல், ஒப்பிடுதல், பிழை கண்டு திருத்துதல் என்னும் உள்ளத்துழைப்பே இங்குப் பயனாய் முடிவது. அவ்வுழைப்பை மாணாக்கரிடமிருந்து பறித்துக்கொள்ளும் கருவி, விலையில்லாததாயினும் இழப்பையே தரும். அவ்வுழைப்புக்கு இடந்தரும் கருவி, எத்துணை எளியதாயினும் நற்கருவியேயாம். ஆதலின், "இதனைக் கொண்டு மாணாக்கர் யாது செய்வர்?" என்பதே முதற்கண் வினாவத்தக்கது.

இக்கொள்கைக்கு ஆராய்ச்சியின் சான்றும் உண்டு. அமெரிக்க உளநூலாராகிய ரோடிகரும் கார்பிக்கியும், ஓர் உரைநடைப் பகுதியை இருமுறை படித்தாரையும், ஒருமுறை படித்தபின் அதனை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினாரையும் ஒப்பிட்டு, 2006-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஐந்து நிமிடங்கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தாரே முந்தினர். ஒரு வாரங்கழித்துச் சோதித்தபோதோ, நினைந்து எழுதினாரே மிகுதியும் மறவாதிருந்தனர். படிக்குந்தோறும் தெரிந்ததுபோலத் தோன்றுவது வேறு, உள்ளத்தில் நிலைத்திருப்பது வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மையை வகுப்பறையிற் பயன்கொள்வது அரிதன்று. கூகிள் படிவம் போன்றதொரு விலையில்லா வினாத்தாளில், சென்ற வாரத்துப் பாடத்திலிருந்து ஐந்து சிறு வினாக்களை அமைத்து, வகுப்புத் தொடங்கும்போது ஐந்து நிமிடம் விடையிறுக்கச் செய்யலாம். எவ்வினாவிற் பலரும் தவறினர் என்பது அப்பொழுதே ஆசிரியர்க்குப் புலப்படும். அன்றைய விளக்கத்தை அவ்விடத்திலிருந்தே தொடங்கலாம். இதற்கு மதிப்பெண் இடாமலிருத்தல் நன்று. மதிப்பெண் வந்தவிடத்து அச்சமும் அயலார் தாளை நோக்குதலும் உடன்வரும். தனித்துப் படிப்பார்க்கு ஆங்கி என்னும் செயலி உதவும். தெரிந்த சீட்டு நெடுநாட்கழித்தும், தெரியாத சீட்டு விரைவிலும் மீண்டு வருமாறு அமைந்தது அது. கணினிக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் அது விலையின்றிக் கிடைக்கும். ஐபோனுக்கு மட்டும் விலையுண்டு. செபாஸ்தியன் லைட்னர் 1972-ஆம் ஆண்டில் அட்டைப்பெட்டியையும் காகிதச் சீட்டுகளையும் கொண்டு விளக்கிய முறையும் இதனையொத்ததே. கைப்பேசியில்லாத மாணாக்கர் அப்பெட்டியைத் தாமே செய்துகொள்ளலாம். முறையே இன்றியமையாதது, பொறி அதற்கு ஏவல் செய்வது.

இனிக் கணிதத்தையும் இயற்பியலையும் நோக்குவாம். மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பார் 2001-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் மென்பொருளில் ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன் உச்சியைக் கையால் இழுத்துச் செல்லலாம். முக்கோணத்தின் மூன்று குத்துக்கோடுகளும் ஒரு புள்ளியிற் சந்திக்கும் என்று புத்தகம் கூறுகின்றது. அப்புள்ளி எப்பொழுதும் முக்கோணத்துள்ளேயே இருக்குமோ என்று ஆசிரியர் வினவி, ஒவ்வொருவரும் தம் ஊகத்தைத் தாளில் எழுதியபின் உச்சியை நகர்த்துவாராக. குறுங்கோண முக்கோணத்தில் உள்ளே நின்ற புள்ளி, செங்கோண முக்கோணத்தில் அச்செங்கோணத்தின் உச்சியிலேயே சென்றமரும். விரிகோணத்தில் வெளியே போய்விடும். ஊகம் பொய்த்தவர் ஏன் பொய்த்தது என்று ஆராயத் தலைப்படுவர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-ஆம் ஆண்டில் தொடங்கிய பெட் என்னும் பாவனைச் சோதனைகளும் இத்தன்மையனவே. அவற்றுட் சில தமிழிலும் உள்ளன. மின்சுற்றில் மற்றொரு விளக்கைத் தொடராகச் சேர்த்தால் முதல் விளக்கின் ஒளி யாதாகும் என்பதை முன்னர் ஊகித்துப் பின்னரே காணல் வேண்டும். ஊகியாது காண்பார்க்கு இவை வெறும் வேடிக்கையாய் முடியும்.

தமிழ் பயில்வார்க்கு வாய்த்த செல்வமும் சிறிதன்று. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், உலகின் பல பகுதிகளிலும் வாழும் அன்பர்களின் ஊதியமில்லா உழைப்பால் நம் நூல்களை மின்வடிவில் வழங்கி வருகின்றது. தமிழ்நாட்டரசு 2001-ஆம் ஆண்டில் நிறுவிய, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் நிலையத்தின் நூலகத்தில் இலக்கியங்களும் நிகண்டுகளும் அகராதிகளும் உள. 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியையும், சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியையும் சிகாகோ பல்கலைக்கழகத்தார் இணையத்திற் சொற்றேடும் வண்ணம் அமைத்துள்ளனர். ஒரு சொல்லுக்கு இவ்விரண்டும் கூறும் பொருள்களை ஒப்பிட்டு எழுதச் செய்வது ஒரு நாட்பாடமாகத் தகும்.

மற்றொரு பயிற்சியும் கூறுவாம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 செய்யுட்களையுடைய குறுந்தொகையைக் குழுவொன்றுக்கு ஏறத்தாழ நாற்பதாகப் பத்துக் குழுவினர்க்குப் பகிர்ந்தளித்து, யானை வருமிடங்களையெல்லாம் திரட்டச் செய்யலாம். கணினியில் யானை என்று தேடுவார்க்குக் களிறும் வேழமும் பிடியும் அகப்படா. கடல் என்று தேடுவார்க்குக் கடற்கரையில் உள்ள கடலும், கடனாடன் என்பதில் மறைந்துள்ள கடலும் அகப்படா. பொறி எழுத்தையே காணும், சொல்லைக் காணாது. நிகண்டும் புணர்ச்சியிலக்கணமும் அறிந்த மாணாக்கரே எஞ்சியவற்றைத் தேடிக் காண்பர். தேர்வுக்கென்று நெட்டுருச் செய்த புணர்ச்சி விதி, இங்குத் தேடுவதற்குரிய திறவுகோலாய் மாறுதலைக் காண்க.

நிற்க. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சாட்ஜிபிடி வெளிவந்ததுமுதல், வினவியவற்றுக்கெல்லாம் கட்டுரையாகவே விடையெழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் எங்கும் பரவியுள்ளன. எழுதுவதும் எண்ணுவதுமாகிய மாணாக்கரின் பணியையே இவை மேற்கொள்ளுதலின், மேற்கூறிய கொள்கைக்கு இவையே கடுஞ்சோதனையாவன. இல்லாத நூலை உள்ளதாகவும், ஒருவர் செய்யுளைப் பிறர் செய்யுளாகவும் ஐயமின்றி உரைத்துவிடுதல் இவற்றிற்கு உண்டு. முற்றும் விலக்குதல் இயலாதெனின், முறைமாற்றி ஆளலாம். பொறி ஒரு புலவரைப்பற்றி எழுதிய உரையை வகுப்பில் வழங்கி, மூலநூலோடு ஒப்பிட்டுப் பிழைகளைக் கண்டு காரணங்காட்டித் திருத்துமாறு செய்க. அப்பொழுது மாணாக்கர் நடுவராகவும் பொறி வழக்குடையதாகவும் அமையும்.

இரண்டாவதாக வினவத்தக்கது, இக்கருவி கடைசி வரிசையிலுள்ளாரையும் எய்துமோ என்பது. 2020-ஆம் ஆண்டில் கல்லூரிகள் மூடப்பெற்று இணையவழியே பாடம் நடந்த காலத்தில், வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியைத் தம்பி தங்கையரோடு பகிர்ந்துகொண்ட மாணாக்கர் எத்துணையர்! பாடம் விலையின்றிக் கிடைத்தது. அதனைக் கேட்டற்குரிய கருவியும் இணைய இணைப்புமோ விலைகொடுத்துப் பெறவேண்டியனவாயின. ஆதலின் ஒருமுறை தரவிறக்கிக்கொண்டு இணையமின்றியே பயன்படுத்தத்தக்கவற்றை முற்படக் கொள்ளுதல் நன்று. பெட் சோதனைகள் பலவும் மதுரைத் திட்டத்து நூல்களும் அத்தகையன. கோலிப்ரி என்னும் மென்பொருள், ஒரு கணினியிற் சேமித்த பாடங்களை வெளியிணைப்பின்றியே அவ்வறையிலுள்ள பிற கருவிகளுக்கு வழங்கும். கண்பார்வையற்ற மாணாக்கர்க்குத் திரையிலுள்ள எழுத்தைப் படித்துக்காட்டும் என்விடிஏ என்னும் மென்பொருள் 2006-ஆம் ஆண்டுமுதல் விலையின்றிக் கிடைத்து வருகின்றது. ஆயின், நூற்பக்கத்தை வெறும் படமாக அனுப்பினால் அதனாற் படித்தல் இயலாது. எழுத்தாக அனுப்புதல் வேண்டும். ஆசிரியர் ஒருவரின் இச்சிறு கவனம் ஒரு மாணாக்கர்க்கு நூல்நிலையத்தின் வாயிலையே திறந்துவிடும்.

மூன்றாவதாக, "நாளை இஃது இல்லையாயின் நம் உழைப்பு யாதாகும்?" என்று வினவுதல் வேண்டும். விலையின்மை வேறு, விடுதலை வேறு. எட்மோடோ என்னும் வகுப்பறைத் தளம் பல நாட்டு ஆசிரியராலும் ஆளப்பட்டுவந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-இல் அது மூடப்பட்டது. கூகிள் நிறுவனத்தாரின் ஜாம்போர்டு என்னும் வெண்பலகை 2024-ஆம் ஆண்டின் இறுதியோடு நின்றது. உரியவர் தம் பொருளை நிறுத்துதல் அவர் உரிமை. அதனை நம்பிப் படியெடுத்து வையாதார்க்கே இழப்பு. 2002-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியராகிய மார்ட்டின் டூகியாமாஸ் வெளியிட்ட மூடில் என்னும் மென்பொருளையோ, கல்லூரியே தன் கணினியில் நிறுவி ஆளலாம். எவரும் அதனை மீட்டுக்கொள்ளுதல் இயலாது. மதுரைத் திட்டத்தின் தொடக்க நூல்கள் வேறு குறியேற்ற முறைகளில் அமைந்தவை. ஒருங்குறி வந்தபின் அவை அதற்கு மாற்றப்பட்டமையாலன்றோ இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கின்றன? வினாத்தாளாயினும் குறிப்பாயினும், ஆண்டுதோறும் ஒரு படியைத் தம்மிடத்தே வைத்திருத்தல் ஆசிரியர்க்குக் கடனாம்.

பொருளாகக் கொள்ளாத விலையை வேறு வகையாற் கொள்ளும் தளங்களும் உள. மாணாக்கரின் பெயர், பிறந்தநாள், எண் முதலியவற்றைச் சிலர் திரட்டுவர். 2023-ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதாரைக் குழந்தையரென்று கொண்டு, அவர்தம் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டுமென விதித்துள்ளது. கல்லூரியில் முதலாண்டிற் புகுவாருள் அவ்வயது நிரம்பாதாரும் உளர். ஆதலின் பெயர் பதியாமலே பயன்படுத்தத்தக்க கருவி இருக்கும்போது பிறிதொன்றை நாடுதல் வேண்டா.

உழைப்பைத் தூண்டுமோ, அனைவரையும் எய்துமோ, நம் கையில் நிற்குமோ என்னும் இம்மூன்று வினாக்களாலும் ஆராய்ந்து, பருவத்திற்கு ஓரிரு கருவிகளையே தெரிந்துகொள்ளுதல் போதும். பலவற்றைத் தொட்டுவிடுவதினும் ஒன்றை நன்கு ஆள்வதே சிறந்தது.

இறுதியாக ஒன்று. விலையின்றிப் பெறுவன யாவும் யாரோ ஒருவர் விலையின்றிக் கொடுத்த உழைப்பே. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல, ஒருபுறம் நூற்பக்கத்தின் படமும் மறுபுறம் பொறி படித்த எழுத்துமாகப் பிழைதிருத்துவாரை நோக்கிக் காத்திருக்கின்றன. ஒரு பக்கத்தைத் திருத்தச் சிறிது பொழுதே செல்லும். அதனைச் செய்யும் மாணாக்கர் எழுத்துப்பிழை காணவும் பழைய உரைநடையை நுணுகிப் படிக்கவும் பழகுவர். திருந்திய பக்கமோ, முகமறியாத மற்றொரு வகுப்பறைக்குப் பாடமாய்ச் செல்லும். பயிலும் மாணாக்கரும், பயின்று சென்ற நண்பரும், பயிற்றும் ஆசிரியரும் திங்களுக்கு ஒரு பக்கமேனும் திருத்தித் தருதல் கூடும். பெற்றதற்கு ஈடாக நாமும் கொடுப்போமாக.