அழவைத்த நகைச்சுவை நாடகம்

நகைச்சுவை நாடகம் என்றால் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வீடு திரும்பலாம் என்று எதிர்பார்ப்பது நம் வழக்கம். ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் (1860-1904) தமது 'கடற்புறா' என்னும் நான்கு அங்க நாடகத்தை நகைச்சுவை நாடகம் என்றே குறிப்பிட்டார். (சாண்டில்யனின் 'கடல் புறா'வுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை.) ஆனால் இறுதி அங்கத்தில் துப்பாக்கி வெடிக்கிறது, ஓர் இளைஞன் மாண்டு போகிறான். பின் இஃது எவ்வாறு நகைச்சுவையாகும்? இக்கேள்வியோடு நாடகத்துள் நுழைவோம்.

ஏரிக்கரையில் ஒரு பண்ணை வீடு. அங்கே தாய்மாமன் நிழலில் வாழ்பவன் கொன்ஸ்தந்தீன். வயது 25. அவனுடைய அன்னை அர்க்காதினா பெயர் பெற்ற நடிகை. பழைய நாடகங்கள் செத்துவிட்டன, புதிய வடிவம் வேண்டும் என்பது மகனின் வெறி. ஏரியையும் நிலவையுமே திரைச்சீலையாக்கி, பக்கத்துப் பண்ணைப் பெண் நீனாவை நடிக்க வைத்துத் தன் நாடகத்தை அரங்கேற்றுகிறான். உலகில் உயிர்களெல்லாம் அழிந்த பின் நடக்கும் கதை அது! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அன்னையோ கந்தக நாற்றம் அடிக்கிறதே என்கிறாள்; கேலி பேசுகிறாள். மகன் சினந்து பாதியிலேயே திரையைப் போடச் சொல்லிவிடுகிறான். நாமும் இங்கே சிரித்துவிடுகிறோம். உண்மையைச் சொன்னால், அந்த நாடகம் சற்று அசட்டுத்தனமானதுதான்.

பணத்தைப் பற்றிய பேச்சு இன்னும் வேடிக்கை. அன்னைக்கு ஒதேசா நகர வங்கியில் 70,000 ரூபிள் இருப்பதாக மகன் சொல்கிறான். அவளோ மகனுக்கு ஒரு நல்ல உடுப்புத் தைக்கவும் பணமில்லை என்று அழுகிறாள். ஊருக்குப் புறப்படும்போது வேலைக்காரர் மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ரூபிள் கொடுக்கிறாள்! மூன்றாம் அங்கத்தில், தன்னைத்தானே சுட்டுக்கொள்ள முயன்று தப்பிய மகனின் தலைக்கு அவளே கட்டுப் போடுகிறாள். பரிவோடு தொடங்கும் பேச்சு, சிறிது நேரத்தில் ஒருவரையொருவர் ஏசும் சண்டையாகிறது. உடனே இருவரும் அழுது சமாதானமாகிறார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே நாடகத்தைப் படிக்கலாம் என்போம். அவளைக் கொடியவள் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. அவளுக்கு அன்பு உண்டு. பிறர் பேச்சைக் கேட்கும் செவிதான் இல்லை. இந்நாடகத்தில் அச்செவி அநேகமாக எவருக்குமே இல்லை. சிரிப்பும் துயரமும் ஒரே ஊற்றிலிருந்து வருவது இதனால்தான்.

நாடகத்தில் வரும் தோல்வி, நாடகத்தை எழுதியவருக்கும் வாய்த்தது. 1896 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க் அலெக்சாந்திரின்ஸ்கி அரங்கில் இது முதன்முதலாக நடிக்கப்பட்டது. அன்று ஒரு சிரிப்பு நடிகையைக் கௌரவிக்கும் இரவு. கேலிக்கூத்தை நாடி வந்த கூட்டம் கூச்சலிட்டது. இனி நாடகமே எழுதுவதில்லை என்று செகாவ் மனம் நொந்தார். 1898 டிசம்பரில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச் தான்சென்கோவும் மாஸ்கோ கலை அரங்கில் அதே நாடகத்தை மேடையேற்றிப் பெரும் வெற்றி கண்டனர். பிற்பாடு அவ்வரங்கின் சின்னமே கடற்புறா ஆயிற்று. அர்க்காதினாவாக நடித்த ஓல்கா நிப்பர் 1901-இல் செகாவின் மனைவியானார்.

நான்காம் அங்கத்தை நாம் இன்னும் சொல்லவில்லை. இரண்டாண்டுகள் கழிந்துவிட்டன. கொன்ஸ்தந்தீனின் கதைகள் இப்போது பத்திரிகைகளில் வெளிவருகின்றன. அன்னையின் நண்பரான புகழ்பெற்ற எழுத்தாளர் திரிகோரின் ஓர் இதழைக் கொண்டுவந்து தருகிறார். அதில் இருவர் கதையும் உண்டு. அக்காலத்து இதழ்களின் தாள்கள் மடிப்பாகவே இருக்கும். கத்தியால் வெட்டிப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். திரிகோரின் தம் கதையின் தாள்களை மட்டும் வெட்டியிருக்கிறார். இளைஞன் கதை வெட்டப்படவே இல்லை! அன்னையும் மகன் எழுதிய எதையும் இன்னும் படிக்கவில்லை; நேரமில்லையாம்.

நடிகையாகும் கனவோடு ஊரைவிட்டுப் போன நீனா, அடிபட்டுத் தேய்ந்து, ஓர் இரவு வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போகிறாள். துன்பத்தைத் தாங்கித் தொழிலைத் தொடர அவள் கற்றுவிட்டாள். அவனுக்கு அது கைவரவில்லை. அவள் போனதும் தன் கையெழுத்துப் பிரதிகளை இரண்டு நிமிடம் வாய் பேசாமல் கிழித்துப் போடுகிறான். பின்னர் உள்ளே சென்றுவிடுகிறான்.

மற்றவர்கள் எண் விளையாட்டு ஆட மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். உள்ளேயிருந்து ஒரு வெடியோசை. அன்னை திடுக்கிடுகிறாள். மருத்துவர் தோர்ன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தம் மருந்துப் பெட்டியில் ஈதர் புட்டி வெடித்துவிட்டது என்கிறார். அவள் ஆறுதல் கொள்கிறாள். மருத்துவர் திரிகோரினைத் தனியே அழைத்து, அவளை எங்கேனும் கூட்டிச் செல்லும்படி தாழ்ந்த குரலில் சொல்கிறார். அவள் காதில் அது விழுமுன் திரை விழுந்துவிடுகிறது.