சபையை உங்கள் வசமாக்க...

• அரை மணி நேரம் முன்னதாகவே போய் மைக், புரொஜெக்டர் இரண்டையும் சரிபாருங்கள். வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள். மேடையேறும்போது எதிரே தெரிந்த முகங்கள் இருக்கும்.

• கூட்டம் குறைவா? கடைசி வரிசை நாற்காலிகளை எடுத்துவிடுங்கள். நெருங்கி உட்கார்ந்தால்தான் சிரிப்பும் கைதட்டலும் பரவும்.

• திரைக்கு அருகிலுள்ள விளக்கை மட்டும் அணையுங்கள். அரங்கம் முழுக்க இருட்டினால், மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண் சொக்கிவிடும்.

• நன்றி சொல்வதை நீட்டாமல், கேட்பவர்கள் அன்றாடம் சந்திக்கும் பிரச்சினை ஒன்றைக் கேள்வியாகக் கேட்டுத் தொடங்குங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

• முக்கியமானதைச் சொல்லும்போது, பவர்பாயின்ட் ஸ்லைடு ஓடுகையில் கீபோர்டில் 'பி' (B) எழுத்தைத் தட்டுங்கள். திரை கறுத்து, எல்லார் பார்வையும் உங்கள் பக்கம் திரும்பும். மறுபடி தட்டினால் ஸ்லைடு வந்துவிடும்.