அரங்கம் யாருடைய சொத்து?

ஷா ஆலாம் நகரில் 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட விளையாட்டரங்கம் ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய அளவில் கட்டப்பட்டது. 1997ஆம் ஆண்டு மலேசியா ஏற்று நடத்திய உலக இளையோர் காற்பந்துப் போட்டியின் இறுதியாட்டம் அங்குதான் நடைபெற்றது. சிலாங்கூர் அணியின் இல்லமாக அந்த அரங்கம் பல்லாண்டுகள் விளங்கியது. ஆனால், பாதுகாப்புக் காரணங்களால் 2020ஆம் ஆண்டு அதன் கதவுகள் மூடப்பட்டன. 2024இல் அதை இடிக்கும் பணியும் தொடங்கியது. முப்பது ஆண்டுகளே ஆன ஓர் அரங்கம் ஏன் இடிக்கப்படவேண்டும்? புதிய அரங்கத்திற்கான செலவை யார் ஏற்பது? இவ்வினாக்கள் விளையாட்டை மட்டும் சார்ந்தவை அல்ல. பொதுமக்களின் பணம், நிலம் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களும் இவற்றுள் அடங்கியுள்ளன.

சிலாங்கூர் அணி மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்ற அணியாகும். 1921ஆம் ஆண்டு தொடங்கிய இப்போட்டியில் வேறெந்த அணியும் இத்தனை முறை வென்றதில்லை. இவ்வணியின் வரலாற்றில் இந்தியர்களுக்கும் இடமுண்டு. போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம் சிலாங்கூருக்கும் நாட்டிற்கும் கோல் காவலராக விளையாடினார். நீண்ட கைகளால் பந்தைத் தடுத்த அவரை இரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' எனச் செல்லமாக அழைத்தனர். இத்தகைய நினைவுகளால்தான் ஓர் அணியை மக்கள் 'எங்கள் அணி' என்கிறார்கள். அணியின் பங்குகள் யார் பெயரில் உள்ளன என்பதை எந்த இரசிகரும் கேட்பதில்லை.

எனினும், அக்கேள்வி இன்று தேவைப்படுகிறது. முன்பு மாநிலக் காற்பந்துச் சங்கங்களே அணிகளை நடத்தி வந்தன. அண்மைய ஆண்டுகளில் அவ்வணிகள் தனிக் கழகங்களாக மாற்றப்பட்டுள்ளன. கழகம் என்பது வரவு செலவு பார்க்கும் ஒரு நிறுவனமாகும். அப்படியானால், அந்நிறுவனம் விளையாடுவதற்கான அரங்கத்தை அரசாங்கம் அமைத்துத் தரவேண்டுமா? இதுவே விவாதத்தின் முதல் முடிச்சு.

இரண்டாவது முடிச்சு பராமரிப்பைச் சார்ந்தது. அரங்கத்தைக் கட்டும்போது ஆகும் செலவு ஒருமுறை வருவது. கூரை, மின்விளக்கு, புல்தரை, கழிவறை ஆகியவற்றிற்கான செலவோ ஆண்டுதோறும் வருவது. ஆண்டில் சில பெரிய ஆட்டங்கள் மட்டுமே 80,000 இருக்கைகளை நிரப்பும். மற்ற நாள்களில் வருமானம் குறைவாக இருந்தாலும் பராமரிப்புச் செலவு குறைவதில்லை. 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்று நம் முன்னோர் சொன்னது இதற்குப் பொருந்தும். யானையை வாங்குவது பெருமைதான். அதற்கு அன்றாடம் தீனி போடுவது யார் என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

ஷா ஆலாம் அரங்கம் மூடப்பட்ட பின்னர், சிலாங்கூர் அணி பெட்டாலிங் ஜெயா மாநகர் மன்றத்தின் அரங்கத்திற்கு இடம்பெயர்ந்தது. மாநில எல்லையை விட்டு அணி வெளியேறவில்லை. எனினும், இரசிகர்களுக்கு மாற்றம் ஏற்பட்டது. கிள்ளானில் வசிப்பவர் ஷா ஆலாமைத் தாண்டி இன்னும் தொலைவு செல்ல வேண்டியதாயிற்று. புதிய இடமோ பழைய அரங்கத்தைவிட மிகச் சிறியது. ஆட்ட நாள்களில் அரங்கத்தைச் சுற்றி உணவும் சட்டையும் விற்றுப் பிழைப்பவர்களும் அணியைத் தொடர்ந்து செல்ல வேண்டும். இல்லையேல் அவ்வருமானத்தை இழக்க வேண்டும். ஓர் அணி இடம் மாறினால் அதனுடன் பலருடைய பிழைப்பும் மாறுகிறது.

பழைய அரங்கம் இருந்த இடத்தில் ஷா ஆலாம் விளையாட்டு வளாகம் எழவிருக்கிறது. ஏறக்குறைய 188 ஏக்கர் பரப்பில் அமையும் இத்திட்டத்தின் மதிப்பு 787 மில்லியன் ரிங்கிட் என முதலில் அறிவிக்கப்பட்டது. புதிய அரங்கத்தில் 45,000 பேர் அமரலாம். மாநில அரசாங்கம் இதற்கு நேரடியாகப் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, எம்ஆர்சிபி என்னும் மேம்பாட்டு நிறுவனத்துடன் நில மாற்று ஒப்பந்தம் செய்துகொண்டுள்ளது. அதாவது, நிறுவனம் வளாகத்தைக் கட்டித் தரும். அதற்கு ஈடாக நிலங்களைப் பெற்றுக்கொள்ளும்.

நில மாற்று முறை கிள்ளான் பள்ளத்தாக்கிற்குப் புதியதன்று. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உள்ள கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தை நாம் அனைவரும் அறிவோம். ஒரு காலத்தில் ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் தளமாக இருந்த இடத்தில் 2001ஆம் ஆண்டு அந்நிலையம் திறக்கப்பட்டது. நிலையத்தைக் கட்டிய கூட்டு நிறுவனம், சுற்றியுள்ள நிலத்தை மேம்படுத்தும் உரிமையைப் பெற்றது. இன்று அங்குள்ள தங்கும் விடுதிகளும் அலுவலகக் கட்டடங்களும் அவ்வுரிமையின் விளைவே. 2017ஆம் ஆண்டு தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிக்காகப் புக்கிட் ஜாலில் வளாகம் புதுப்பிக்கப்பட்டபோதும் நிலமே ஈடாகத் தரப்பட்டது.

இம்முறையை ஆதரிப்போர் கூறுவது இதுதான்: அரசாங்கக் கருவூலத்திலிருந்து பெருந்தொகை வெளியேறுவதில்லை. அப்பணத்தைப் பள்ளி, மருத்துவமனை, வெள்ளத் தடுப்பு போன்ற தேவைகளுக்குப் பயன்படுத்தலாம். புதிய வளாகத்தால் வேலை வாய்ப்பு பெருகும். இளையோருக்குப் பயிற்சி இடமும் கிடைக்கும். பண்டார் உத்தாமாவையும் கிள்ளானின் ஜோஹான் செத்தியாவையும் இணைக்கும் இலகு ரயில் தடத்தில் அரங்கத்திற்கென ஒரு நிலையமும் அமைந்துள்ளது.

மாற்றுக் கருத்துடையோரின் வாதமும் கவனிக்கத்தக்கது. நிலமும் பொதுச் சொத்துதான். பணம் செலவானால் அடுத்த ஆண்டு வரியாக மீண்டும் வரலாம்; கைமாறிய நிலம் எளிதில் திரும்பி வராது. இன்று ஒரு விலை மதிப்புள்ள நிலம் பத்தாண்டுகளுக்குப் பின் பன்மடங்கு உயரலாம். ஆகவே, ஈடாகத் தரப்படும் நிலத்தின் மதிப்பும் ஒப்பந்த விவரங்களும் மக்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

இதே விவாதம் கடல் கடந்த நாடுகளிலும் நடக்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 'கயோட்டீஸ்' என்னும் தொழில்முறை பனி ஹாக்கி அணி 1996 முதல் விளையாடி வந்தது. கிளென்டேல் நகரம் 2003இல் அதற்கு அரங்கம் அமைத்துத் தந்தது. பின்னர் நகர நிர்வாகத்திற்கும் அணிக்கும் இடையிலான உறவு கசந்தது. 2022இல் குத்தகை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு அவ்வணி ஏறத்தாழ 5,000 பேர் மட்டுமே அமரக்கூடிய பல்கலைக்கழக அரங்கத்தில் விளையாடியது. டெம்பி நகரில் புதிய அரங்கம் கட்ட முன்வைக்கப்பட்ட திட்டத்தை அந்நகர மக்கள் 2023ஆம் ஆண்டு மே மாதம் வாக்களித்து நிராகரித்தனர். அடுத்த ஆண்டே தொழில்முறை பனி ஹாக்கி யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகருக்குப் போய்விட்டது. வரிச் சலுகை தர மறுத்த மக்கள் தங்கள் பணத்தைக் காத்தனர், அணியை இழந்தனர்.

கனடாவின் கியூபெக் நகரம் இதற்கு நேர்மாறான பாடத்தைக் கற்றது. 1995இல் தன் பனி ஹாக்கி அணியை இழந்த அந்நகரம், பொதுப் பணத்தில் ஒரு பெரிய அரங்கத்தைக் கட்டி 2015இல் திறந்தது. அரங்கம் வந்தது, ஆனால், தேசிய ஹாக்கி லீக் அணி திரும்பி வரவில்லை.

பொதுப் பணமே வேண்டாம், தனியார் பார்த்துக்கொள்ளட்டும் எனச் சிலர் கூறலாம். அதற்கும் நம் அருகிலேயே ஒரு சான்று உண்டு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் உருவான அணி, பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் 2019ஆம் ஆண்டு சூப்பர் லீக்கில் கால் பதித்தது. இந்திய இளைஞர்கள் பலருக்கு அது நம்பிக்கை தந்தது. 2022ஆம் ஆண்டு பருவம் முடிந்ததும் அவ்வணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. உரிமையாளரின் ஆதரவை மட்டுமே நம்பி நிற்கும் அணி, அந்த ஆதரவு நீங்கும்போது நிலைத்திருக்க இயலாது.

ஆக, பொதுப் பணம் தருவதா, வேண்டாமா என்பதற்கு ஒரே விடை இல்லை. ஆனால், முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் தெளிவானவை. உண்மையில் யார், எதைக் கொடுக்கிறார்கள்? கட்டி முடித்த பின் பராமரிப்புச் செலவை யார் ஏற்பார்கள்? அணி வேறிடம் சென்றாலோ கலைந்தாலோ அந்த இடம் மக்களுக்கு எவ்வாறு பயன்படும்? இம்மூன்றிற்கும் விடை தராத திட்டம் எவ்வளவு அழகான வரைபடத்துடன் வந்தாலும் அது முழுமையானதன்று.

அணியை நேசிப்பது இரசிகரின் உரிமை. அதற்காகச் செலவிடப்படும் பணத்திற்கும் நிலத்திற்கும் கணக்குக் கேட்பது குடிமக்களின் கடமை. ஒருவரே இரசிகராகவும் குடிமகனாகவும் இருக்க முடியும். கணக்குக் கேட்பவர் அணிக்கு எதிரி அல்லர். அடுத்த தலைமுறைக்கும் அந்த அரங்கம் நிலைத்திருக்க வேண்டும் என விரும்புபவரே அவர்.

அருஞ்சொற்பொருள்
கருவூலம் – அரசாங்கப் பணம் வைக்கப்படும் இடம்
பராமரிப்பு – பழுதடையாமல் பேணிக் காத்தல்
ஈடாக – ஒன்றிற்குப் பதிலாக
குத்தகை – குறிப்பிட்ட காலத்திற்குப் பணம் செலுத்திப் பயன்படுத்தும் உரிமை
நிராகரித்தல் – ஏற்க மறுத்தல்

சிந்தித்து விடை எழுதுக
1. 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்னும் தொடர் ஷா ஆலாம் அரங்கத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது?
2. நில மாற்று முறையால் ஏற்படும் நன்மை ஒன்றையும் அக்கறைக்குரிய கூறு ஒன்றையும் எழுதுக.
3. டெம்பி நகர மக்களின் முடிவையும் கியூபெக் நகரத்தின் முடிவையும் ஒப்பிடுக.
4. உங்கள் வட்டாரத்தில் புதிய விளையாட்டரங்கம் கட்டத் திட்டமிடப்படுவதாகக் கொள்வோம். மாநகர் மன்றத்திடம் நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி யாது? காரணத்துடன் விளக்குக.