நிலமும் நீருரிமையும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஊர்ப்புறங்களில் நிலம் வாங்குவோர், பத்திரத்தில் இல்லாதவற்றையே முதலில் ஆராய்தல் வேண்டும். தம் நிலத்தின் ஊடே ஓடும் ஓடையாயினும், நீருரிமை பெறாதவர் அதனைப் பாசனத்திற்குத் திருப்ப இயலாது. முதலில் நீரெடுத்துப் பயன்படுத்தியவருக்கே முன்னுரிமை என்னும் நெறி, 1876ஆம் ஆண்டு அம்மாநில அரசமைப்பிலேயே இடம்பெற்றது. வறட்சிக் காலத்தில், பிந்தி உரிமை பெற்றவரின் மதகே முதலில் அடைபடும். நிலத்தடிக் கனிமமும் பிறர் உடைமையாக இருக்கக்கூடும்.

வேலி பற்றிய வழக்கோ நமக்கு வியப்பளிப்பது. அங்கே மேயும் மாட்டை அடைத்து வைப்பதைவிட, பயிரைக் காக்க விரும்புபவர் வேலியிடுவதையே சட்டம் எதிர்பார்க்கிறது. முள்கம்பி 3 வரிசை, ஏறத்தாழ 20 அடிக்கு ஒரு கம்பம் என அளவும் கூறுகிறது. அத்தகைய வேலி இல்லையெனில், மாடு புகுந்து விளைச்சல் அழிந்தாலும் இழப்பீடு பெறுதல் அரிது.