மரக்குடிலைச் சுத்தி இருக்கிற கரிசல் தரை

ஏப்ரல், மே மாசத்துல கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டுல நடந்து பார்த்திருக்கீங்களா? கைவிரல் உள்ளே போற அளவுக்கு வெடிப்பு விட்டுக் கிடக்கும். அதே காட்டுல ஐப்பசியில நாலு நாள் மழை பெஞ்சா வெடிப்பெல்லாம் மூடிக்கிட்டு, செருப்பை உருவிக்கிற சகதியா மாறிடும். ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற இந்தக் குணம் மானாவாரிப் பருத்திக்கும் உளுந்துக்கும் வரம். அந்த விவசாயத்துக்காக 1901-லேயே கோவில்பட்டியில வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிட்டாங்க. ஆனா இதே குணம் மேலே நிக்கிற கட்டடத்தைப் பாடாய்ப் படுத்தும்.

எங்க சித்தப்பா தோட்டத்துல 10 அடிக்கு 10 அடியில ஒரு மரக்குடில் போட்டார். பலகைச் சுவர், தகரக் கூரை. அழகா இருக்கட்டும்னு கிழக்குப் பக்கம் மட்டும் புல்தரை போட்டு, தினமும் ஹோஸ் பிடிச்சுத் தண்ணி விட்டார். மேற்குப் பக்கம் வெறும் மண். முதல் கோடையிலேயே கதவு நிலையில சிக்க ஆரம்பிச்சுது. பழி ஆசாரி மேல விழுந்துச்சு. அவர் வந்து கதவை இழைச்சுட்டுப் போனார். மழைக்காலம் வந்ததும் கதவு ஓரமா விரல் கனத்துக்கு இடைவெளி. திரும்பவும் ஆசாரிக்குத்தான் திட்டு! உண்மையில் கோடையில மேற்குப் பக்கம் மண் காய்ஞ்சு இறங்கியிருக்கு, தண்ணி குடிச்ச கிழக்குப் பக்கம் அப்படியே நின்னிருக்கு. மழையில மேற்கு திரும்பவும் ஏறியிருக்கு. ஆசாரி இழைச்சது கோணலா நின்ன கதவை.

கரிசல் மண்ணுல மான்ட்மோரில்லோனைட்னு ஒரு களிமண் கனிமம் இருக்கு. சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்கான மெல்லிய தகடுகள். தகடுகளுக்கு நடுவுல தண்ணி புகுந்தா கட்டு விரியும், வெளியே போனா சுருங்கும். ஒரு கிராம் மான்ட்மோரில்லோனைட்டோட மொத்தப் பரப்பு 800 சதுர மீட்டர் வரைக்கும் போகும். அவ்வளவு இடத்துலயும் தண்ணி ஒட்டும்.

"மரக்குடில் லேசானதுதானே, என்ன ஆகிடும்?"னு தோணும். லேசா இருக்கிறதுதான் சிக்கல். குடில் 1,500 கிலோன்னு வெச்சுக்கோங்க. 30 செ.மீ. சதுரத்துல 9 கல் மேல நிறுத்தினா, கல்லுக்கு அடியில அழுத்தம் சுமார் 18 கிலோபாஸ்கல். வீங்குற களிமண் 100 கிலோபாஸ்கலுக்கு மேலகூட மேல்நோக்கித் தள்ளும். கல்லை மண் சர்வசாதாரணமா தூக்கிடும்.

உங்க மண் எவ்வளவு மோசம்னு தெரிஞ்சுக்க மண் ஆய்வகத்துல ஒரு எளிய சோதனை இருக்கு: ஐ.எஸ். 2720, பகுதி 40. 425 மைக்ரான் சல்லடையில சலிச்ச, அடுப்பில உலர்த்தின மண்ணை 10 கிராம் வீதம் ரெண்டு 100 மி.லி. அளவு ஜாடியில போடுங்க. ஒண்ணுல காய்ச்சி வடிச்ச தண்ணி, இன்னொண்ணுல மண்ணெண்ணெய். 24 மணி நேரம் கழிச்சுப் பாருங்க. மண்ணெண்ணெயில மண் வீங்காது, தண்ணியில வீங்கும். வித்தியாசத்தை மண்ணெண்ணெய் ஜாடியில இருக்கிற மண்ணோட கன அளவால வகுத்தா வீக்கச் சதவீதம். 50-க்குக் கீழேன்னா நிம்மதி. 100-ஐத் தாண்டினா தரை வேலையை விளையாட்டா எடுத்துக்காதீங்க.

ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்காகவே அடியில குமிழ் வெச்ச பைல் அடித்தளத்தை உருவாக்கினாங்க. ஈரம் அதிகம் மாறாத ஆழத்துக்கு, சுமார் 3.5 மீட்டர் இறக்குவாங்க. ஒரு தோட்டத்துக் குடிலுக்கு அது கொஞ்சம் ஓவர். மண் ஏறி இறங்கட்டும், ஆனா நாலு பக்கமும் ஒண்ணா ஏறி இறங்கணும். அதுக்கு ஈரம் நாலு பக்கமும் சமமா இருக்கணும். குடிலைச் சுத்தித் தரை வேலை செய்றதே இதுக்காகத்தான்.

முதல்ல கூரைத் தண்ணி. 12 சதுர மீட்டர் தகரத்துல 50 மி.மீ. மழை பெஞ்சா 600 லிட்டர். அது நாலு மூலையிலும் கொட்டினா மூலைக்கு மூலை பள்ளம் விழும். கேட்டர் வெச்சுப் பிடிச்சு, குழாய் வழியா தூரத்துத் தொட்டிக்குக் கொண்டு போங்க. தமிழ்நாட்டுல 2003-ல இருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சொல்லி குடிலை ஒட்டியே உறிஞ்சு குழி வெட்டிடாதீங்க. கரிசல் தண்ணியைச் சட்டுனு கீழே விடாது. குழியைச் சுத்தி ஊறி வீங்கும்.

அடுத்து சுத்திவர ஒரு மீட்டராவது, முடிஞ்சா இரண்டு மீட்டர் அகலத்துக்கு வெளிப்பக்கமா சரிவு. மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கம் போதும். மேல் கரிசலை ஒரு அடி எடுத்துட்டு, களிமண் கலந்த சரளைச் செம்மண்ணைப் போட்டு நல்லா இடிச்சுக் கெட்டிப்படுத்துங்க. வெறும் மணல் வேண்டவே வேண்டாம், தண்ணி நேரா உள்ளே இறங்கிடும். கோடையில வெடிப்பைப் பார்த்து மணல் கொட்டி அடைக்கிறவங்க இருக்காங்க. மழையில மண் வீங்கும்போது அந்த வெடிப்புலதான் அதுக்கு இடம். மணல் அடைச்சிட்டா பக்கவாட்டுல போக வழியில்லாம மேலே தள்ளும்.

புல்தரையும் பூச்செடியும் அந்தச் சரிவுக்கு வெளியே. தண்ணி விட்டா சொட்டு நீர்க்குழாயை நாலு பக்கமும் ஒரே அளவா போடுங்க. ஆவாரை, கற்றாழை மாதிரி தண்ணி கேட்காத செடிகள்னா தலைவலியே இல்ல. மரம் நட ஆசைப்பட்டா, அது வளர்ந்த பிறகு எவ்வளவு உயரம் வருமோ அந்தத் தூரம் தள்ளி நடுங்க. 1976 வறட்சியில இங்கிலாந்தில களிமண் மேல இருந்த வீடுகள் நிறைய விரிசல் விட்டுச்சு, பக்கத்து மரங்கள் உறிஞ்சின ஈரமும் ஒரு காரணம். அதே மாதிரி, ஏற்கெனவே நிக்கிற பெரிய சீமைக்கருவேலை வெட்டின அடுத்த மாசமே அந்த இடத்துல குடில் போடாதீங்க. மரம் உறிஞ்சிட்டிருந்த ஈரம் திரும்ப மண்ணுக்குள்ள சேர்ந்து, தரை மெல்ல உயரும்.

கடைசியா மரம் மண்ணைத் தொடக்கூடாது. நம்ம பழைய வீட்டுத் திண்ணைகள்ல மரத்தூணைக் கல் மேல நிறுத்தியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. அதுபோல கல் மேல வெச்சு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துல தளம் வந்தா காத்தோட்டமும் இருக்கும், கரையான் புற்று ஏறினா கண்ணுக்கும் தெரியும். குனிஞ்சு பார்க்க முடியாத இடத்துலதான் கரையான் நிம்மதியா குடியிருக்கும். செடிக்குப் போடுற வைக்கோல் மூடாக்கைப் பலகை மேல சாய்ச்சு வைக்காதீங்க.

மரக்குடிலுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கு. செங்கல் சுவர்னா விரிசல் விட்ட பிறகு ஒண்ணும் பண்ண முடியாது. குடிலை ஜாக்கி வெச்சுத் தூக்கி, தூணுக்கும் கல்லுக்கும் நடுவுல தகடு சொருகி மட்டம் சரி பண்ணிடலாம். சித்தப்பா இப்போ புல்லைத் தள்ளிப் போட்டு, சரளைச் சரிவு வெச்சுட்டார். புரட்டாசி கடைசியில ஒரு தடவை, மாசியில ஒரு தடவை ரசமட்டம் வெச்சு ஒன்பது தூணையும் பார்க்கிறார். போன தடவை ரெண்டு தூணுக்குத்தான் தகடு தேவைப்பட்டுச்சு. ஆசாரியைக் கூப்பிடல.